நாற்பத்தெட்டு மணி நேரத்தில் வளர்ச்சி இல்லை

வார்டிலிருந்து தொலைபேசி வந்தபோது அவள் கையில் குடுவை சாய்ந்திருந்தது. மேசையில் வரிசையாக அடுக்கிய பிளேட்டுகளில் பதினெட்டாவதில் கிருமி வளர்க்கும் அகார் கூழ் பாதி இறங்கியிருந்தது. ஊற்றுவதை நிறுத்தாமல், முழங்கையால் ஸ்பீக்கரைத் தட்டி, "சொல்லுங்க" என்றாள்.

"மேடம், உங்க அண்ணனுக்கு மூச்சு ஒரு மாதிரியா இருக்கு. உடனே வாங்க."

"இதோ வரேன்."

குடுவையில் இன்னும் பாதி இருந்தது. சூடாக இருக்கிறவரைதான் அகார் தண்ணீர் மாதிரி ஓடும். ஆறவிட்டால் குடுவைக்குள்ளேயே கட்டிவிடும். ரத்தம் கலந்த பிறகு மறுபடி உருக்கவும் முடியாது, மொத்தமும் குப்பைக்குத்தான். ஊற்ற ஆரம்பித்தால் நிறுத்தக் கூடாது என்பது பதினொரு வருஷமாக அவள் கைக்குப் பழகிப்போன சட்டம். கை அதன்பாட்டுக்கு வேலை செய்தது. மூடியைத் தூக்கி, ஊற்றி, லேசாகச் சுழற்றி, மூடி, அடுத்தது. இன்னும் இருபத்திரண்டு பிளேட்டுகள். குமிழி விழுந்த இரண்டைத் தீ காட்டிச் சரிசெய்யக்கூடச் செய்தாள். பிறகு கையுறையைக் கழற்றிவிட்டு இரண்டாவது மாடிக்கு ஓடினாள்.

அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டிருந்தது. பதினொன்றாம் படுக்கையைச் சுற்றித் திரை இழுத்திருந்தார்கள். உள்ளே அண்ணி கட்டிலின் கம்பியைப் பிடித்தபடி நின்றிருந்தாள். அழவில்லை. இவளைப் பார்த்ததும், "எங்க இருந்தே?" என்றாள்.

"வேலையில இருந்தேன் அண்ணி."

"கேட்டாரு. எங்க அவ, வரலையான்னு கேட்டாரு."

அண்ணனின் வாய் லேசாகத் திறந்திருந்தது. ஏதோ கிண்டல் செய்யப் போகிறவனின் முகம்தான் அது எப்போதும், இப்போதும் அப்படியே இருந்தது. அவள் அவன் கையைத் தொட்டாள். சூடு இன்னும் இருந்தது. அழுகை வருமென்று எதிர்பார்த்துக் காத்திருந்தாள். வரவில்லை.

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பாதிப் பேரைத் தான்தான் மேலே ஏற்றிவிட்டதாகச் சொல்லிக்கொள்வான். தங்கை ஆஸ்பத்திரி லேபில் பிளேட் தயாரிக்கிற மீடியா அறையில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவளுக்கு அவன் வைத்த பெயர் சமையல்காரி. தப்பும் இல்லை. நோயாளியின் ரத்தத்திலும் சளியிலும் இருக்கும் கிருமி எது என்று தெரிய வேண்டுமானால் முதலில் அதை வளர்க்க வேண்டும், வளர்க்க வேண்டுமானால் அதற்குச் சோறு போட வேண்டும். அந்தச் சோற்றை ஆக்குகிறவள் அவள். ஒவ்வொரு கிருமிக்கும் நாக்கு ஒரு தினுசு. சிலதுக்கு இறைச்சிச் சாறு கலந்த வெறும் அகார் போதும். சிலது ஆட்டு ரத்தம் கலந்தால்தான் வாயைத் திறக்கும். குடலில் குடியிருப்பவைகளுக்கு இளஞ்சிவப்பில் தனி பிளேட் உண்டு, மற்றதுகளை அது வாசலிலேயே நிறுத்திவிடும். எதைப் போட்டாலும் முகத்தைத் திருப்பிக்கொள்கிற நோஞ்சான்களுக்குச் சாக்லேட் பிளேட். பெயர்தான் சாக்லேட். ரத்தத்தை அளவான சூட்டில் வைத்துப் பழுப்பு நிறம் வந்ததும் ஊற்றுவது அது.

"எனக்கு ஒரு டீ போட்டுத் தரமாட்டா. கிருமிக்கு மட்டும் தினம் விருந்து" என்பான் அண்ணன், வீட்டுக்கு யார் வந்தாலும்.

நர்ஸ் வந்து அண்ணனின் மருத்துவக் கோப்பை நீட்டினாள். அண்ணி அதை வாங்கி இவளிடம் தந்தாள். "நீ படிச்சவ. என்ன எழுதியிருக்குன்னு பாரு. எனக்கு ஒண்ணும் புரியலை."

வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து அவள் கோப்பைத் திருப்பினாள். வெள்ளிக்கிழமை மாலை அனுமதி. கடுங்காய்ச்சல், தலைவலி, பிதற்றல். சனிக்கிழமை காலை முதுகுத்தண்டு நீர் எடுத்து லேபுக்கு அனுப்பியது. சந்தேகத்தின் பேரில் இரண்டு நாள் கிருமியைக் கொல்லும் பெரிய ஊசி. திங்கட்கிழமை லேபிலிருந்து அறிக்கை: நாற்பத்தெட்டு மணி நேரத்தில் வளர்ச்சி இல்லை. அதற்கு அடியில் வார்டு டாக்டரின் அவசரக் கையெழுத்து: பாக்டீரியாத் தொற்று இல்லை, வைரஸாக இருக்கலாம், ஊசியை நிறுத்தவும். செவ்வாய்க்கிழமை மறுபடி காய்ச்சல். இன்றைக்குப் புதன்.

அறிக்கையின் மூலையில் எந்த பிளேட்டில் பார்த்தது என்று சின்ன எழுத்தில் போட்டிருந்தது. சாக்லேட், வெள்ளிக்கிழமைத் தயாரிப்பு.

அந்த வரியை அவள் இரண்டு தடவை படித்தாள்.

வெள்ளிக்கிழமை மதியம் சாக்லேட் பிளேட்டுக்காக ரத்தம் கலந்த குடுவையை வெந்நீர்த் தொட்டியில் இறக்கி வைத்திருந்தாள். பத்து நிமிஷம், அடிக்கடி ஆட்டிவிட வேண்டும், கொதி கூடாது. அப்போதுதான் அண்ணி கூப்பிட்டாள். "என்னென்னமோ பேசறார். என்னை யாருன்னு கேக்கறார்." உடனே கூட்டி வரச் சொல்லி, வண்டிக்குச் சொல்லி, கீழே அவசரப் பிரிவில் தெரிந்தவரைப் பிடித்து, எல்லாம் முடித்துத் திரும்பியபோது அரைமணிக்கு மேல் ஆகியிருந்தது. தொட்டி தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. குடுவையில் நிறம் கொஞ்சம் தூக்கல். அடியில் நொய் மாதிரி திரிதிரியாக இருந்தது. சூடு மீறினால் அந்த நோஞ்சான்களுக்கு வேண்டிய சத்து செத்துப்போகும் என்பது முதல் வருஷத்திலேயே படித்தது. கொட்டியிருக்க வேண்டும். ஆனால் சாக்லேட் பிளேட் ஒன்றுகூடக் கையிருப்பில் இல்லை, வார்டிலிருந்து மாதிரிகள் வந்து காத்திருந்தன. நொய்யை வடிகட்டிவிட்டு ஊற்றினாள்.

அதுகூடப் பெரிய தப்பில்லை. புதிதாக ஊற்றும் ஒவ்வொரு தொகுதியிலும், தெரிந்த கிருமி ஒன்றைத் தேய்த்து, அது வளர்கிறதா என்று ஒரு நாள் பார்த்த பிறகுதான் வெளியே விட வேண்டும். லேபில் எல்லோருமே அவசரத்துக்கு முதலில் 'சரி' என்று கையெழுத்துப் போட்டுவிட்டுச் சோதனையை மறுநாள் செய்வார்கள். பதினொரு வருஷத்தில் ஒரு தொகுதிகூடத் தவறியதில்லை. அன்றைக்கு அவளும் 'சரி' போட்டாள். மறுநாள் அண்ணனின் படுக்கைக்கும் மருந்துக் கடைக்கும் அலைந்ததில் சோதனை அடியோடு மறந்துபோயிற்று.

திங்கட்கிழமை தெர்மாமீட்டர்தான் ஓடிவந்து சொன்னார். அவர் லேபில் மூத்தவர். எதற்கெடுத்தாலும் சூடு என்ன, சூடு என்ன என்று கேட்பதால் அந்தப் பெயர். சொந்தக்காரரிடமிருந்து எடுத்த மாதிரியை லேப்காரர் தானே பார்க்கக் கூடாது என்பதால் அண்ணனுடையதை அவர் பார்த்தார். "ஒண்ணும் வளரலைம்மா. சுத்தமா இருக்கு. போய்ச் சொல்லு" என்றார். அவள் படிகளை இரண்டிரண்டாகத் தாண்டிப் போய்ச் சொன்னாள்.

அண்ணன் அன்றைக்குக் கொஞ்சம் தெளிந்திருந்தான். "கிருமியே இல்லையா?"

"இல்லை. ஒண்ணுமே வளரலை."

"நீ ஆக்கினதுன்னு அதுக்குத் தெரிஞ்சிருக்கும்" என்றான் அண்ணன். "அதான் தொடலை."

அண்ணி சிரித்தாள். அவளும் சிரித்தாள். பக்கத்துப் படுக்கைக்காரர்கூடச் சிரித்தார்.

இப்போது அண்ணி பெஞ்சில் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "என்ன போட்டிருக்கு?"

"வளரலைன்னு போட்டிருக்கு அண்ணி."

"அப்ப எதுல போனாரு?"

"தெரியலை."

அது பொய்யில்லை, அப்போதைக்கு. கோப்பை அண்ணியின் மடியில் வைத்துவிட்டு எழுந்தாள். "பையை எடுத்துட்டு வந்திடறேன்" என்றாள்.

லேபில் சாப்பாட்டு நேரம், யாரும் இல்லை. ஒவ்வொரு தொகுதியிலும் இரண்டு பிளேட்டுகளைக் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் எடுத்து வைப்பது வழக்கம். வெள்ளிக்கிழமையின் இரண்டும் அங்கே இருந்தன. பக்கத்தில் போன வாரத்து நல்ல பிளேட் ஒன்றும் இருந்தது. சோதனைக் கிருமியின் குப்பியைத் திறந்து, கம்பியைத் தீயில் காட்டி, மூன்று பிளேட்டிலும் ஒரே மாதிரி கோடு இழுத்தாள். கை வழக்கம்போல் ஒழுங்காகவே கோடு போட்டது. அதற்காகத் தன்மேல் கோபம் வந்தது. மூன்றையும் ஜாடியில் அடுக்கி, மெழுகுவத்தி ஒன்றை ஏற்றி உள்ளே வைத்து, மூடியை இறுக்கினாள். இந்த வகைக்குக் காற்று அதிகம் ஆகாது. சுடர் சுருங்கித் தானாக அணைந்ததும் ஜாடியைத் தூக்கி இன்குபேட்டரில் வைத்தாள். நாளைக் காலை தெரியும்.

அண்ணன் வீடு மூன்றாவது மாடியில். நாலு மணிக்கெல்லாம் படி நிறைய செருப்பு. அண்ணனோடு வேலை பார்க்கிறவர்கள் சீருடையோடு, விரல் இடுக்கில் கிரீஸோடு வந்திருந்தார்கள். அந்தக் கட்டட லிஃப்டுக்குள் ஆளைப் படுக்கவைத்து இறக்க இடம் போதாது. இறக்குவது எப்படி என்று அளந்து பார்த்து, படி வழியாகத்தான் என்று முடிவு செய்தார்கள்.

"ஊரையே ஏத்தி இறக்கினவனை நாம கையால இறக்கறோம் பாரு" என்றார் ஒருவர். யாரோ 'உஸ்' என்றார்கள். சொன்னவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தார். அண்ணன் இருந்திருந்தால் அந்தப் பேச்சை ரசித்திருப்பான்.

அவள் வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டாள், தண்ணீர் கொடுத்தாள், யாருக்கெல்லாம் இன்னும் சேதி போகவில்லை என்று பார்த்துச் சொன்னாள். தலைக்கு மேல் வேலை இருந்தது நல்லதாகப் போயிற்று. சித்தப்பா மட்டும் அவளைக் கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

"ஏம்மா, அந்த ஆஸ்பத்திரியிலேயே வேலை பாக்கறே. உன்னால ஒண்ணும் பண்ண முடியலையா?"

"முடியலை சித்தப்பா."

"இத்தனை டெஸ்ட் பண்றீங்க. கிருமி, அது இதுங்கறீங்க."

"ஆமா."

"என்னத்தப் பண்றீங்களோ" என்றார். திட்டவில்லை, ஆற்றாமைதான். அவளுக்கு அவர் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. மணி நாலேகால். கோடு இழுத்து மூன்று மணி நேரம்கூட ஆகவில்லை. இந்நேரம் ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகிக்கொண்டிருக்கும், சோறு சரியாக இருந்தால். சரியாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டாள். வேண்டிக்கொண்டதும், சரியாக இருந்தாலும் அண்ணன் எழுந்து வரப்போவதில்லை என்பது உறைத்தது. இருந்தாலும் வேண்டிக்கொண்டாள்.

வெளிச்சம் இருக்கும்போதே எல்லாம் முடிந்துவிட்டது. வந்தவர்கள் போனார்கள். அண்ணி கட்டிலில் சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்திருந்தாள். அவள் கால்மாட்டில் உட்கார்ந்தாள். சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனி வரை வந்தது. எதைச் சொல்வது? இன்னும் தெரியாததையா?

"நீ போய் நல்ல சேதின்னு சொன்னப்ப எவ்வளவு சந்தோஷப்பட்டார் தெரியுமா" என்றாள் அண்ணி, திரும்பாமலே. "அன்னிக்கு ஒருநாள்தான் சாப்பிட்டார்."

அவள் போர்வையை இழுத்து அண்ணியின் பாதங்களை மூடினாள்.

மறுநாள் காலை அவள் லேபுக்குள் நுழைந்ததைப் பார்த்து தெர்மாமீட்டர் பதறிவிட்டார். "இன்னிக்கு எதுக்கும்மா வந்தே? யாராவது வருவாங்களா?"

அவள் ஜாடியை எடுத்துவந்து மேசையில் வைத்துத் திறந்தாள். போன வாரத்து பிளேட்டில், கோடு போன இடமெல்லாம் சின்னச் சின்னதாக, சாம்பல் நிறத்தில், பளபளவென்று கிருமி முளைத்திருந்தது. அழகான வளர்ச்சி. பாடப் புத்தகத்தில் போடலாம். வெள்ளிக்கிழமையின் முதல் பிளேட்டை வெளிச்சத்தில் சாய்த்தாள். ஒன்றுமில்லை. இரண்டாவதைச் சாய்த்தாள். கம்பி உழுத கோடு மட்டும் மழமழப்பில் தெரிந்தது. அதைத் தவிர ஒன்றுமில்லை.

தெர்மாமீட்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். தேதியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். அவருக்கு விளங்க ஒரு நிமிஷம் பிடித்தது.

"சூடு மீறிடுச்சா?"

"கொதிச்சிடுச்சு. போன் வந்தது. விட்டுட்டுப் போயிட்டேன்."

"டெஸ்ட்?"

"போடலை. கையெழுத்து மட்டும் போட்டேன்."

அவர் கதவுப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "நான் சொல்றதைக் கேளு. இந்த ரெண்டையும் ஆட்டோகிளேவ்ல போட்டு வேகவச்சிடு. மீதி பிளேட்டையும் நான் போட்டுடறேன். யாருக்கும் தெரியாது. போனவன் போயிட்டான். நீ இருக்கணும், உன் வேலை இருக்கணும். நானும்தானே பாத்து ஒண்ணுமில்லைன்னு எழுதினேன்?"

அவர் நல்ல மனுஷர். தனக்காக அதைச் சொல்லவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. அவர் சொன்னதில் ஒரு வார்த்தை மட்டும் அவளைப் பிடித்து நிறுத்தியது.

"மீதி எத்தனை இருக்கு?"

"எதுல?"

"வெள்ளிக்கிழமை பிளேட்ல. நாப்பது ஊத்தினேன்."

அவர் குளிர்பெட்டியைத் திறந்து எண்ணினார். "பதினாறு."

வைத்துப் பார்த்த இரண்டு போக இருபத்திரண்டு பிளேட்டுகள் செலவாகியிருந்தன. இருபத்திரண்டு பேர். நேற்று முழுக்க அண்ணன் ஒருவனையே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். மற்ற இருபத்தோரு பேர் அவள் மண்டையில் ஏறவே இல்லை. வெட்கமாக இருந்தது. இரண்டு பிளேட்டுகளையும் கையில் எடுத்துக்கொண்டு டாக்டரம்மாவின் அறைக்குப் போனாள்.

டாக்டரம்மா லேபின் தலைவி. அதட்டலுக்குப் பேர்போனவர். அவள் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். கொதித்தது, வடிகட்டியது, கையெழுத்து, அண்ணனின் மாதிரி, திங்கட்கிழமை ஊசி நிறுத்தியது. டாக்டரம்மா பிளேட்டுகளை வாங்கி விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். பார்ப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை.

"அட்மிட் ஆகறதுக்கு முன்னாடி வீட்ல ஏதாவது மாத்திரை சாப்பிட்டாரா?"

"மெடிக்கல் ஷாப்ல வாங்கி ரெண்டு நாள் சாப்பிட்டிருக்கார்."

"அப்படின்னா நல்ல பிளேட்லயும் வளராமப் போயிருக்கலாம். நிஜமாவே வைரஸா இருந்திருக்கலாம். இதனாலதான்னு உன்னாலயும் சொல்ல முடியாது, என்னாலயும் முடியாது."

"இதனால இல்லைன்னு சொல்ல முடியுமா மேடம்?"

டாக்டரம்மா பிளேட்டுகளைக் கீழே வைத்தார். "முடியாது" என்றார். ஒரு வெள்ளைத் தாளை எடுத்து நீட்டி, "எழுதிக் கொடு. விசாரணை வரும். உன்னை விட்டுக்கொடுக்க மாட்டேன், ஆனா மறைக்கவும் மாட்டேன்" என்றார்.

"சரி மேடம்."

"முதல்ல வார்டுகளுக்குச் சொல்லணும். வெள்ளிக்கிழமையிலேர்ந்து போன சாக்லேட் ரிப்போர்ட் ஒண்ணும் செல்லாது. நான் பாத்துக்கறேன், நீ வீட்டுக்குப் போ. உங்க அண்ணி தனியா இருப்பாங்க."

"நானே சொல்லிடறேன்."

டாக்டரம்மா அவளை நிமிர்ந்து பார்த்தார். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்து, பிறகு தொலைபேசியை மேசையில் அவள் பக்கமாக நகர்த்தினார்.

தெர்மாமீட்டர் பதிவேட்டைப் பார்த்துப் பட்டியல் எழுதித் தந்தார், வார்டு வாரியாக, படுக்கை எண் வாரியாக. பெயர் எதையும் எழுதவில்லை. அவள் முதலில் குழந்தைகள் வார்டைக் கூப்பிட்டாள். மூன்று பேர். பிறகு பெண்கள் வார்டு, ஐந்து பேர், இரண்டு பேர் வீட்டுக்குப் போய்விட்டார்கள், முகவரி தேடித் தருவதாகச் சொன்னார்கள். எல்லோரிடமும் ஒரே வாசகத்தைச் சொன்னாள். எங்கள் பிளேட்டில் கோளாறு, அறிக்கை செல்லாது, மறுபடி மாதிரி எடுத்து அனுப்புங்கள். நாலைந்து தடவை சொன்னதும் அது தானாக வாயில் வந்தது.

ஆண்கள் வார்டில் எடுத்தது புதுக் குரல். பணி மாறி வந்தவள் போலிருக்கிறது.

"லேப்லேர்ந்து பேசறேன். வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் நாங்க கொடுத்த கல்ச்சர் ரிப்போர்ட்ல தப்பு இருக்கு. பெட் நம்பர் சொல்றேன், எழுதிக்கோங்க. மூணு."

"மூணு."

"எட்டு."

"எட்டு. சொல்லுங்க மேடம்."

பட்டியலில் அடுத்த எண்ணின் மேல் அவள் விரல் இருந்தது. "பதினொண்ணு" என்றாள். "மறுபடி சாம்பிள் எடுத்து அனுப்புங்க."

"பதினொண்ணா? இருங்க, பாக்கறேன்." தாள் புரளும் சத்தம் கேட்டது. "அது இப்ப வேற ஆளு மேடம். பழைய பேஷன்ட் நேத்தே தவறிட்டாரு. அதை அடிச்சிடுங்க."

தெர்மாமீட்டர் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

"சரி" என்றாள் அவள். விரலை ஒரு வரி கீழே இறக்கினாள். "பதினாலு."

"பதினாலு இருக்காரு. ஆனா அவருக்கு ஒண்ணுமில்லைன்னு ரிப்போர்ட் வந்து, காலையிலேர்ந்து ஊசி நிறுத்தச் சொல்லிட்டாங்களே மேடம்."

"அந்த ரிப்போர்ட்தான் தப்பு. டாக்டர் எங்க இருக்கார்?"

"ரவுண்ட்ஸ்ல. அந்தக் கோடியில."

"இப்பவே போய்ச் சொல்லுங்க. நிறுத்தக் கூடாதுன்னு சொல்லுங்க. ஓடுங்க. நான் லைன்லயே இருக்கேன்."

ரிசீவரை மேசைமேல் வைக்கும் சத்தம் வந்தது. செருப்புச் சத்தம் வேகமாகத் தள்ளிப் போயிற்று. அவள் தன் பக்கத்து ரிசீவரைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள். வார்டு முழுவதும் கேட்டது. தள்ளுவண்டியின் சக்கரம், யாரோ தண்ணீர் கேட்பது, பாத்திரம் ஒன்று உருளுவது. தொலைபேசிக்குப் பக்கத்துப் படுக்கை எதிலோ ஓர் ஆள் நீளமாக இருமினார், நிறுத்தி மூச்சு வாங்கினார், மறுபடி இருமினார்.